கம்பெனி வேலைத்திறனைத் தொண்டு நிறுவனத்துக்குக் கொடுப்பது எப்படி: முதல்முறை போகிறவர்களுக்கு

வருடத்துக்கு ஒருமுறை ஹெச்.ஆரிடமிருந்து அந்த மெயில் வரும். சனிக்கிழமை காலை ஆபீஸ் வாசலில் பஸ், எல்லோருக்கும் ஒரே நிற டிஷர்ட், ஒரு பள்ளிச் சுவருக்குப் பெயின்ட், மதியம் பிரியாணிப் பொட்டலம், சாயங்காலம் லிங்க்ட்இன்னில் குரூப் போட்டோ. கேலி செய்யவில்லை, சுவருக்குப் பெயின்ட் வேண்டியதுதான். ஆனால் மாதாமாதம் எந்தத் திறமைக்காக உங்களுக்குச் சம்பளம் வருகிறதோ, அந்தத் திறமைக்கு அன்றைக்கு ஒரு வேலையும் இல்லை. கணக்கு, கோடிங், ஆள் எடுப்பது, டிசைன், சட்டம், கொள்முதல் என்று நீங்கள் தினமும் செய்கிற அதே வேலையை ஒரு தொண்டு நிறுவனத்துக்குச் சம்பளம் வாங்காமல் செய்து கொடுப்பதைத்தான் ஸ்கில்டு வாலண்டியரிங், ப்ரோ போனோ என்றெல்லாம் சொல்கிறார்கள். சென்னை, கோவை மாதிரி ஊர்களில் கம்பெனி வேலையில் இருந்துகொண்டு இதை முதல்முறையாகச் செய்ய நினைக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்று ஆட்களைச் சேர்த்துவிடுகிற வேலையில் இருந்து பார்த்ததை வைத்துச் சொல்வது இது.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் எது உருப்படி, எது வீண் என்று பார்க்க எனக்கு ஒரே அளவுகோல்தான். நீங்கள் கிளம்பிப் போன பிறகு அது அங்கே ஓடுமா?

அவர்களிடம் ஏன் ஆள் இல்லை

"இவ்வளவு நன்கொடை வாங்குகிறார்களே, ஒரு நல்ல அக்கவுன்டன்டை வைத்துக்கொள்ளக் கூடாதா?" என்று கம்பெனி ஆட்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், பதில் பணம் வருகிற விதத்தில் இருக்கிறது. கொடுப்பவர்கள் பெரும்பாலும் திட்டத்துக்குத்தான் கொடுப்பார்கள், இத்தனை குழந்தைகளுக்கு மாலை வகுப்பு, இத்தனை பேருக்குக் கண் பரிசோதனை என்று. ஆபீஸ் வாடகை, கணக்கர் சம்பளம், கம்ப்யூட்டர் என்று பட்ஜெட்டில் எழுதினால் முகம் சுருங்கும். வெளிநாட்டு நன்கொடைக்குச் சட்டமே வரம்பு வைத்திருக்கிறது. எஃப்சிஆர்ஏ சட்டத்தில் 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணத்தில் 20 சதவீதத்துக்கு மேல் நிர்வாகச் செலவுக்குப் போகக்கூடாது, அதற்கு முன்பு 50 சதவீதம் வரை போகலாம் என்று இருந்தது. அதனால்தான் களத்தில் முப்பது பேர் வேலை செய்கிற டிரஸ்டில் ஆபீஸில் ஒரே ஒருவர் உட்கார்ந்திருப்பார், கணக்கும் அவரே, ஹெச்.ஆரும் அவரே, பிரின்டரில் பேப்பர் சிக்கினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். நீங்கள் போய் உதவ வேண்டிய இடம் அநேகமாக அவருடைய மேஜைதான்.

சிஎஸ்ஆர், அதாவது கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு, பற்றியும் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கம்பெனிகள் சட்டம் 2013-இன் 135-ஆவது பிரிவுப்படி நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய், இந்த மூன்றில் ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவு செய்ய வேண்டும். உங்கள் மணி நேரத்துக்கு ஒரு விலை போட்டு அந்த 2 சதவீதத்தில் சேர்க்க முடியாது. கம்பெனி விவகார அமைச்சகம் 2021-இல் வெளியிட்ட கேள்வி-பதிலில் இதை நேராகவே சொல்லியிருக்கிறார்கள். ஆகவே 'வாலண்டியர் அவர்ஸ் குறைகிறது, சீக்கிரம் என்ட்ரி போடுங்கள்' என்று யாராவது துரத்தினால் அது கம்பெனி தன் திருப்திக்கு வைத்திருக்கிற எண், அதற்காக நீங்கள் அவசரப்பட வேண்டியதில்லை.

முதலில் உங்கள் ஆபீஸில் முடிக்க வேண்டியவை

சிஎஸ்ஆர் டீம் இருக்கிறதா, திறன்சார் திட்டம் ஏற்கனவே ஓடுகிறதா என்று கேளுங்கள். டாடா குழுமத்தில் ப்ரோஎன்கேஜ் என்று ஒன்று இருக்கிறது, ஊழியர்கள் தங்கள் வேலையில் இருந்தபடியே சில மாதங்கள் பகுதிநேரமாக ஒரு தொண்டு நிறுவனத்தின் குறிப்பிட்ட வேலையை எடுத்துச் செய்யலாம். ஐபிஎம் 2008-லேயே சின்னச் சின்னக் குழுக்களை வளரும் நாடுகளுக்கு அனுப்பி இதே மாதிரி வேலை செய்ய வைத்தது. அந்த அளவு ஏற்பாடு உங்கள் கம்பெனியில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஐவாலண்டியர் மாதிரி வாலண்டியர்களையும் நிறுவனங்களையும் சேர்த்துவைக்கிற அமைப்புகள் இருக்கின்றன, சென்னையில் 2006-இல் தொடங்கிய பூமி மாதிரி வாலண்டியர்களை வைத்தே வளர்ந்த அமைப்புகளும் இருக்கின்றன. தனியாகவும் போகலாம்.

எப்படிப் போனாலும் உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்து ஒருமுறை படித்துவிடுங்கள். வேலைக்குச் சேர்ந்த அன்று படிக்காமல் கையெழுத்துப் போட்ட பக்கங்களில், வேலையில் இருக்கும் காலத்தில் நீங்கள் உருவாக்குகிற எதுவும் கம்பெனிக்குச் சொந்தம் என்று ஒரு வரி இருக்கலாம், வெளி வேலை செய்யக்கூடாது என்று இன்னொன்றும் இருக்கலாம். காசு வாங்காவிட்டாலும் அந்த வரி பொருந்துமா என்று நாமே தீர்ப்பு எழுத வேண்டாம். மேனேஜருக்கும் ஹெச்.ஆருக்கும் இன்ன நிறுவனத்துக்கு, இன்ன வேலை, வார இறுதியில், சம்பளம் இல்லாமல் என்று நான்கு வரி மெயில் அனுப்பி, 'சரி' என்று பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை போதாது, மேனேஜர் மாறிவிடுவார். ஆபீஸ் லேப்டாப்பில் செய்யாதீர்கள், ஆபீஸ் லைசென்ஸ் மென்பொருளை அங்கே கொண்டுபோகாதீர்கள், ஆபீஸ் டெம்ப்ளேட்டையும் காப்பி அடிக்காதீர்கள்.

உங்கள் திறமையை அவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்வது

"நான் ஃபுல் ஸ்டாக் டெவலப்பர், எதுவேண்டுமானாலும் செய்வேன்" என்று போய் நின்றால் அங்கே ஆபீஸைப் பார்த்துக்கொள்கிற அக்கா சிரித்துவிட்டு, வெப்சைட் வேண்டும் என்பார். ஏனென்றால் கம்ப்யூட்டர்காரர்களிடம் கேட்க அவருக்குத் தெரிந்த ஒரே விஷயம் அது. நீங்களும் ஒரு வெப்சைட் செய்துவிட்டு வருவீர்கள், ஒரு வருடம் கழித்து முகப்பில் அதே பழைய ஆண்டு விழாப் படம் இருக்கும். பதவிப் பெயரைச் சொல்லாமல், செய்து முடிக்கக்கூடிய வேலைகளாகச் சொல்லுங்கள். உண்மையில் எங்கே தேவை இருக்கிறது என்பதற்குச் சில உதாரணங்கள் தருகிறேன்.

நிதித் துறையில் இருக்கிறீர்களா? 80ஜி, அதாவது நன்கொடை கொடுப்பவருக்கு வரிச் சலுகை கிடைக்கிற அனுமதி, உள்ள நிறுவனங்கள், 2021-22 நிதியாண்டிலிருந்து, யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியலை வருமான வரித் துறைக்கு மே 31-க்குள் தாக்கல் செய்து, ஒவ்வொருவருக்கும் சான்றிதழ் கொடுக்க வேண்டும். பழைய வருமான வரிச் சட்டத்தில் 10பிடி, 10பிஇ என்று அழைக்கப்பட்ட படிவங்கள் இவை. 2025-இன் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் முதல் நடைமுறை என்பதால் படிவ எண்களை அவர்களுடைய ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். வேலை என்னவோ அதேதான். மே மாதம் வந்ததும் ரசீதுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, பான் எண் இல்லாதவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போடுவார்கள். பணம் வாங்கும்போதே பெயர், பான், முகவரி, பணம் வந்த வழி எல்லாம் சரியாகப் பதிகிற ஒரு பட்டியலை அமைத்து, 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வந்தால் அதற்கு 80ஜி சலுகை கிடையாது என்று அதிலேயே எச்சரிக்கை காட்டும்படி செய்து கொடுத்தால், அந்த ஆபீஸுக்கு ஒரு மாத நிம்மதி. பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம், எக்செல் போதும்.

ஹெச்.ஆர். ஆட்களுக்கு வேலை கொட்டிக் கிடக்கிறது. பத்துப் பேர் இருந்தாலே பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு அமைத்தாக வேண்டும், இருபது பேர் ஆனால் பி.எஃப். வரும். இதற்கான தாள்கள், பயிற்சி, யாருக்கு என்ன வேலை என்று எழுதிவைப்பது, விடுப்பு விதி, இதையெல்லாம் செய்ய அங்கே ஆள் இருக்காது. இவை வெளியே தெரியாது, போட்டோவும் எடுக்க முடியாது. ஆனாலும் தேவை என்று பார்த்தால் இதை முதல் வரிசையில் வைப்பேன்.

இன்னொன்று யாரும் நினைத்துப் பார்க்காதது. பழைய தமிழ் ஃபைல்கள். இருபது வருடத்து அறிக்கைகள், பயிற்சிக் கையேடுகள், கிராமக் கணக்கெடுப்புகள் எல்லாம் பாமினியிலோ வானவில்லிலோ அடித்து வைத்திருப்பார்கள், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஏதோ சங்கேத மொழி மாதிரி இருக்கும். எந்தக் கம்ப்யூட்டரிலும் படிக்க முடிகிற யூனிகோடு முறைக்குத் தமிழ்நாடு அரசே 2010-இல் மாறியாகிவிட்டது, இவர்களுக்கு மாற்றித் தர ஆள் கிடைக்கவில்லை. எழுத்துரு மாற்றி ஒன்றை வைத்து அதையெல்லாம் யூனிகோடாக்கி, பிழை பார்த்து, பெயரிட்டு அடுக்கிக் கொடுப்பது கோடிங் தெரியாதவரும் செய்யக்கூடிய வேலை, செய்தால் அந்த நிறுவனத்தின் நினைவே திரும்பக் கிடைக்கும்.

வெப்சைட்தான் செய்வேன் என்றால் ஒரு எச்சரிக்கை. 'டொனேட்' பட்டனை வைக்கும்போது வெளிநாட்டு கார்டுகளையும் ஏற்கிற மாதிரி பணம் வாங்கும் கேட்வேயைத் திறந்துவிடாதீர்கள். வெளிநாட்டுக் குடிமக்களிடமிருந்து வருகிற பணத்தை எஃப்சிஆர்ஏ பதிவோ முன் அனுமதியோ உள்ள நிறுவனம் மட்டுமே, அதுவும் பாரத ஸ்டேட் வங்கியின் புது தில்லி முதன்மைக் கிளையில் இருக்கிற அந்தத் தனிக் கணக்கில் மட்டுமே வாங்க முடியும். சிங்கப்பூரில் வேலை பார்க்கிற உங்கள் அண்ணன் இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தால் அவர் சொந்தச் சம்பளத்தில் தருவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது, அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட சித்தப்பா, வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தருகிற ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும் அவர் தருவது வெளிநாட்டு நன்கொடைதான். ஒரு செட்டிங்கில் டிக் போட்டதால் அந்த நிறுவனத்தின் பதிவுக்கே சிக்கல் வரலாம் என்பதால் இதை அவர்களுடைய ஆடிட்டரிடம் கேட்காமல் தொடாதீர்கள்.

எந்த நிறுவனத்துக்குப் போவது

பதிவு எண், 12ஏபி (நிறுவனத்துக்கே வருமான வரி விலக்குத் தருகிற பதிவு), 80ஜி, கடைசி மூன்று வருட ஆடிட் அறிக்கை. இவற்றைக் கேட்டால் நல்ல நிறுவனம் கோபித்துக்கொள்ளாது. நிதி ஆயோகின் என்ஜிஓ தர்ப்பண் தளத்தில் பெயர் இருக்கிறதா என்று பார்க்கலாம், சிஎஸ்ஆர் பணம் வாங்குகிறவர்கள் 2021 ஏப்ரலிலிருந்து சிஎஸ்ஆர்-1 படிவம் கொடுத்துப் பதிவு எண் வாங்கியிருக்க வேண்டும். தாள்கள் எல்லாம் சரியாக இருப்பதாலேயே நல்ல நிறுவனம் என்று ஆகிவிடாது, ஆனால் தாளே இல்லை என்றால் அதைச் சரிசெய்துகொடுக்க ஒரு வக்கீலோ ஆடிட்டரோ போகட்டும், நீங்கள் வேறு இடம் பாருங்கள்.

அதைவிட முக்கியம், உங்கள் வேலையை அங்கே வாங்கிக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். முழுநேரமாக அங்கே சம்பளம் வாங்குகிற, அடுத்த வருடமும் இருக்கப்போகிற ஒருவர். நிறுவனர் அய்யா ரொம்ப நல்லவராக இருப்பார், எல்லாவற்றுக்கும் "தாராளமா செய்ங்க தம்பி" என்பார், ஆனால் அவர் எக்செல் திறக்கப்போவதில்லை. 'இதை யார் தினமும் பயன்படுத்துவார்கள்?' என்று கேளுங்கள். ஒரு பெயர் வரவில்லை என்றால் அந்த வேலையை எடுக்காதீர்கள், வேறு வேலை கேளுங்கள்.

வேலை செய்கிற களம் நிலக்கோட்டைப் பக்கம் இருந்தால் சென்னையிலிருந்து வீடியோ காலில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். ஒரு தடவையாவது நேரில் போய்த்தான் ஆக வேண்டும்.

முதல் சந்திப்பு

லேப்டாப்பைத் திறக்காதீர்கள். அவர்கள் பேசட்டும். போன வாரம் எந்த வேலை ரொம்ப நேரம் இழுத்தது, எந்த ரிப்போர்ட்டுக்காக ராத்திரி வரை உட்கார்ந்தீர்கள், டோனர், அதாவது நன்கொடை கொடுப்பவர், என்ன கேட்டுப் பதில் கொடுக்க முடியவில்லை என்று கேட்டால் உண்மையான பிரச்சினை வெளியே வரும். "உங்கள் பெயின் பாயின்ட் என்ன" என்றால் மரியாதையான பொதுப் பதில்தான் வரும். அவர்கள் கையில் எழுதுகிற ரிஜிஸ்டரைக் காட்டச் சொல்லுங்கள், அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். அந்த நோட்டில் ஓரத்தில் சிவப்பு மையில் கிறுக்கியிருக்கிற குறிப்புகளில்தான் அந்த வேலையின் விதிவிலக்குகள் எல்லாம் இருக்கும், நீங்கள் வரைகிற எந்தப் படிவத்திலும் அவற்றுக்கு இடம் இருக்காது.

இங்கே கொஞ்சம் சங்கடமான விஷயம் ஒன்றைப் பேச வேண்டும். உங்கள் கம்பெனியே அந்த நிறுவனத்துக்குப் பணம் கொடுக்கிறது என்றால், நீங்கள் எவ்வளவு பணிவாகப் போனாலும் அவர்கள் கண்ணுக்கு நீங்கள் டோனர் வீட்டு ஆள். காபி வரும், பிஸ்கட் வரும், இயக்குநரே வந்து உட்காருவார், நீங்கள் சொல்கிற எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டு போன ப்ராஜெக்ட்டுகள் நிறைய, முடிந்த மறுநாளே மூடிவைக்கப்பட்டவை. இதற்கு முழுத் தீர்வு கிடையாது. நீங்கள் கண்டதை கம்பெனியின் சிஎஸ்ஆர் டீமிடம் சொல்லமாட்டேன் என்று முதலிலேயே வெளிப்படையாகச் சொல்லுங்கள், சொன்னபடி நடந்துகொள்ளுங்கள், பண முறைகேடு கண்ணில் பட்டால் மட்டும் அது வேறு கதை. "வேண்டாம்" என்று சொல்ல அவர்களுக்கு ஒரு வழி வைத்துக் கொடுங்கள். நான் இரண்டு மூன்று வேலைகளைச் சொல்லி, 'இதில் எது இப்போதைக்கு வேண்டாம்?' என்று கேட்கச் சொல்வேன். வேண்டாததைச் சொல்லச் சொன்னால் சொல்லிவிடுவார்கள், வேண்டியதைக் கேட்டால் எல்லாமே வேண்டும் என்பார்கள். உங்கள் கம்பெனி பணம் கொடுக்காத நிறுவனமாகத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை என்பது என் தனிப்பட்ட கருத்து.

ஒரு பக்கத் தாள்

பெரிய ஒப்பந்தம் வேண்டாம். ஒரே பக்கத்தில், தமிழிலேயே: என்ன செய்து முடிப்பேன், எது இதில் சேராது, அங்கே இதற்குப் பொறுப்பு யார், வாரத்தில் எவ்வளவு நேரம், எந்தத் தேதியில் முடியும், முடிந்த பிறகு எல்லாம் யாருக்குச் சொந்தம். கடைசிக் கேள்விக்குப் பதில் எப்போதும் நிறுவனத்துக்குத்தான். இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

காலம் இரண்டு, மூன்று மாதம் போதும். அதற்கு மேல் என்றால் வேலையை வெட்டி இரண்டாக்குங்கள். வாரத்தில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் தருவேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், உங்களுக்கு ரிலீஸ் வரும், வீட்டில் விசேஷம் வரும். அவர்களுக்கும் நாள்காட்டி இருக்கிறது. மார்ச்சில் நிதியாண்டு முடிகிறது, டோனர் பணத்தைக் கணக்குக் காட்ட ஓடிக்கொண்டிருப்பார்கள். ஜூனில் பள்ளி திறக்கிறது. செப்டம்பரில் ஆடிட். அக்டோபரிலிருந்து வடகிழக்குப் பருவமழை, கடலோர மாவட்டமாக இருந்தால் ஒரு புயல் சின்னம் வந்தால் போதும், உங்கள் எக்செல்லை யாரும் நினைக்கமாட்டார்கள், நினைக்கவும் கூடாது. ஜனவரி பொங்கலுக்குப் பிறகு பிப்ரவரி வரையும், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களும் பொதுவாக வசதியானவை. அக்டோபர் 2 முதல் 8 வரை 'தான் உத்சவ்' என்கிற கொடை வாரம், டிசம்பர் 5 சர்வதேச வாலண்டியர் தினம் என்று கம்பெனிகள் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பி வருகின்றன, அப்போதுதான் அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இல்லை.

வேலை நடக்கும்போது

களப்பணியாளர்களிடம் லேப்டாப் இல்லை, போன் இருக்கிறது. டைப் அடிப்பதைவிட வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவது அவர்களுக்குச் சுலபம். மலைக் கிராமத்தில் சிக்னல் கிடையாது. இதையெல்லாம் தெரிந்துகொள்ள ஒரு நாள் அவர்களோடு கூடவே சுற்றிவிட்டு வாருங்கள், அப்புறம் நீங்கள் மனதில் வைத்திருந்த டேஷ்போர்டு தானாகவே பாதியாகிவிடும். களத்தில் தகவல் சேகரிக்க கோபோடூல்பாக்ஸ் போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன, இணையம் இல்லாமலே போனில் நிரப்பிவிட்டு சிக்னல் வந்த பிறகு அனுப்பலாம், கேள்விகளைத் தமிழில் வைக்கலாம். புதிதாக ஆப் எழுதாதீர்கள். உங்களுக்கு எழுத வரும் என்பதால் அவர்களுக்கு அது தேவை என்று ஆகாது, நீங்கள் போன பிறகு ஆண்ட்ராய்டு அப்டேட் வந்தால் அதைப் பார்க்க யார் இருக்கிறார்கள்? அதே போலத்தான் மின்னஞ்சலுக்கும் ஆவணங்களுக்கும் கூகுள், மைக்ரோசாஃப்ட், கான்வா ஆகியவை தகுதியுள்ள தொண்டு நிறுவனங்களுக்கு இலவசமாகவோ சலுகையிலோ தருகின்றன, விண்ணப்பிக்க உதவுவதே ஒரு நல்ல சின்ன ப்ராஜெக்ட்.

டேட்டாவைச் சுத்தம் செய்யப் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. நம் ஊர்ப் பெயர்களுக்கு 'ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம்' பெட்டி பொருந்தாது. இனிஷியல் ஒருமுறை முன்னால் இருக்கும், ஒருமுறை பின்னால் இருக்கும், கல்யாணத்துக்குப் பிறகு அப்பா இனிஷியல் போய்க் கணவர் இனிஷியல் வரும். முத்துலட்சுமி, முத்துலெட்சுமி, ஆங்கிலத்தில் மூன்று விதம், எல்லாம் ஒரே அம்மாவாகவும் இருக்கலாம், ஒரே தெருவில் நான்கு பேராகவும் இருக்கலாம். 'டூப்ளிகேட் ரிமூவ்' பட்டனை அழுத்திவிட்டு வந்தால் யாரோ ஒருவருக்கு அடுத்த மாத உதவி நின்றுவிடும். அந்தத் தெருவுக்குப் போகிற களப்பணியாளரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செய்யுங்கள், அவருக்கு ஆட்களைத் தெரியும்.

தகவல் பாதுகாப்பு விஷயத்தில் கறாராக இருங்கள். ஹெச்ஐவி, மனநலம், குடும்ப வன்முறை, குழந்தைகள் இல்லம் போன்ற இடங்களில் இருக்கிற பட்டியல் உங்கள் சொந்த மெயிலுக்கு வரவே கூடாது. போலிப் பெயர்கள் போட்ட மாதிரிப் பட்டியலை வைத்து வேலை செய்துவிட்டு, உண்மைப் பட்டியலை அவர்கள் கம்ப்யூட்டரிலேயே ஏற்றச் சொல்லுங்கள். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குக் கீழ் இருப்பவர்களின் தகவலுக்குப் பெற்றோர் சம்மதத்தைக் கேட்கிறது. குழந்தைகள் இருக்கிற இடம் என்றால் அந்த நிறுவனத்தின் குழந்தைப் பாதுகாப்பு விதிகளில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், போலீஸ் சரிபார்ப்புக் கேட்டாலும் கோபப்படாதீர்கள், கேட்காத இடத்தைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். குழந்தைகளோடு செல்ஃபி வேண்டாம்.

அவர்களிடம் பேசும்போது மேனேஜ்மென்ட் பாஷையை ஆபீஸிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அந்தக் கணக்கர் அம்மா பன்னிரண்டாவது படித்திருக்கலாம், ஆனால் மூன்று டோனர்களின் பணத்தை டாலி என்கிற ஒரே கணக்கு மென்பொருளில் கலக்காமல் வருடக்கணக்கில் வைத்திருக்கிறார் என்றால் அவர் உங்களுக்குச் சொல்லித்தர நிறைய இருக்கிறது.

ஒப்படைப்பது

மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குங்கள். வேலை முடிந்த பிறகு செய்ய வேண்டியது என்று தள்ளிப்போட்டால் அந்த நாள் வராது, உங்களுக்கு ஆன்சைட் வந்துவிடும்.

நான் பார்த்த நிறுவனங்களில் திரும்பத் திரும்ப நடக்கிற ஒன்றைச் சொல்கிறேன். டொமைன் பெயர் யாரோ ஒரு பழைய வாலண்டியரின் சொந்த ஜிமெயிலில் பதிவாகியிருக்கும். அவர் இப்போது கனடாவிலோ எங்கோ. புதுப்பிக்கச் சொல்லி வருகிற மெயில் அவருக்குப் போகும், அவர் பார்க்கமாட்டார், ஒருநாள் வெப்சைட் இருந்த இடத்தில் வேறு ஏதோ விளம்பரம் வரும். ஃபேஸ்புக் பக்கத்துக்கு ஓடிபி அவருடைய பழைய நம்பருக்குப் போகும், அந்த நம்பர் இப்போது வேறு யாரிடமோ இருக்கும். அதனால் முதல் நாளே, வேலையைத் தொடங்கும் முன்பே, நிறுவனத்தின் பெயரில் ஒரு மின்னஞ்சல், நிறுவனத்தின் பெயரில் ஒரு சிம் என்று வாங்க வைத்து, எல்லாக் கணக்கையும் அதில்தான் தொடங்க வேண்டும். உங்கள் கிரெடிட் கார்டை எதற்கும் போடாதீர்கள், 'சின்னத் தொகைதானே, நானே கட்டிவிடுகிறேன்' என்கிற அன்பில்தான் இந்தச் சிக்கல் தொடங்குகிறது. என்னென்ன கணக்குகள், எப்போது புதுப்பிக்க வேண்டும், எவ்வளவு செலவு என்று ஒரு தாள் அடித்து அவர்களுடைய வாடகை ஒப்பந்தம் இருக்கிற அதே ஃபைலில் வைக்கச் சொல்லுங்கள். பாஸ்வேர்டு அந்தத் தாளில் வேண்டாம், அது இரண்டு பேரிடம் தனியாக இருக்கட்டும்.

பயன்படுத்தும் முறையை நாற்பது பக்கம் எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள். தினமும் செய்வது, மாதக் கடைசியில் செய்வது, கோளாறு வந்தால் செய்வது, மூன்றே தலைப்பு, தமிழில், திரையின் படத்தோடு. அதையும் நீங்கள் எழுதாதீர்கள். உங்களிடம் கற்றுக்கொண்டவர் எழுதட்டும், நீங்கள் திருத்துங்கள், அவர் எங்கே திணறுகிறார் என்று அப்போது தெரிந்துவிடும். கூடவே அவர் போனிலேயே ஐந்து நிமிட வீடியோவாகத் திரையைப் பதிவு செய்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவைத்தால், புதிதாக வேலைக்குச் சேருகிறவருக்கு அதுவே போதும்.

கடைசி வாரத்துக்கு முன்பு இரண்டு வாரம் காணாமல் போய்விடுங்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான். போன் எடுக்க வேண்டாம், அவர்களே ஓட்டிப் பார்க்கட்டும். திரும்பி வரும்போது எங்கே பழைய நோட்டுக்குத் திரும்பிவிட்டார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் அந்த இடத்தில் பழைய நோட்டுதான் சரியாக இருக்கும், உங்கள் படிவத்தை மாற்றுங்கள்.

நடுவில் விட வேண்டி வந்தால்

வரும். வேலை மாறும், ஊர் மாறும், உடம்பு சரியில்லாமல் போகும். தயவுசெய்து மெசேஜுக்குப் பதில் போடாமல் மறைந்துவிடாதீர்கள், அவர்கள் உங்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று நினைத்துக் கேட்காமலே இருந்துவிடுவார்கள், வேலை பாதியில் கிடக்கும், அடுத்த வாலண்டியரை நம்பமாட்டார்கள். இதுவரை முடிந்தது இவ்வளவு, முடியாதது இவ்வளவு, ஃபைல் எல்லாம் இங்கே என்று ஒரு போன், ஒரு மெயில். உங்கள் இடத்துக்கு ஆபீஸ் நண்பர் ஒருவரைப் பிடித்துவிட முடிந்தால் இன்னும் நல்லது. அவர்கள் பக்கத்தில் மூன்று வாரமாக யாரும் நேரம் ஒதுக்கவில்லை என்றால் அதற்கும் ஒரு காரணம் இருக்கும், நேராகக் கேளுங்கள், இப்போது வேண்டாம் என்றால் சந்தோஷமாக நிறுத்துங்கள். தாளில் எழுதிய வேலை முடிந்த பிறகு "தம்பி, இன்னொரு சின்ன விஷயம்" என்று வருவதற்கு உடனே சரி சொல்லாமல், அதற்கு இன்னொரு ஒரு பக்கத் தாள் போடுங்கள்.

முடித்து மூன்று மாதம் ஆன பிறகு அந்தக் கணக்கர் அம்மாவுக்கே ஒரு போன் போடுங்கள், இயக்குநருக்கு வேண்டாம். நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார். போன மாதப் பட்டியலை எடுத்து ஒரு எண்ணைப் படித்துச் சொல்லுங்கள் என்று கேளுங்கள், உடனே படித்தால் வேலை நடந்திருக்கிறது. தேடிச் சொல்கிறேன் என்றால் அடுத்த சனிக்கிழமை ஒருமுறை போய்விட்டு வாருங்கள்.